மிஸ்ஃபயர்: தவறிய தீயா, பொய்த்த தீயா?

பழைய லாரி ஒன்றை ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கில் விட்டுவிட்டுப் புகைக்குழாய்ப் பக்கம் போய் நில்லுங்கள். இன்ஜின் நன்றாக இருந்தால் சத்தம் ஒரே இழையாக வரும். கோளாறு இருந்தால் நடுவில் ஒரு 'புட்' விழும். தாளத்தில் ஓர் அடியை யாரோ விழுங்கியதுபோல் இருக்கும். மெக்கானிக் "மிஸ்ஸிங் இருக்கு" என்பார். கையேட்டில் அதற்கே 'மிஸ்ஃபயர்' என்று பெயர் போட்டிருக்கும்.

இந்தச் சொல் இன்ஜினுக்காகப் பிறந்ததல்ல, துப்பாக்கிக்காகப் பிறந்தது. சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கியில் விசையை இழுத்தால் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். அந்தப் பொறி வெளியே சின்னக் கிண்ணத்தில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். அங்கிருந்து தீ ஒரு துளை வழியே உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பிடிக்க வேண்டும். கல் தேய்ந்திருந்தாலோ, மருந்து நனைந்திருந்தாலோ, துளையில் கரி அடைத்திருந்தாலோ குண்டு கிளம்பாது. அதை ஆங்கிலத்தில் 'மிஸ் ஃபயர்' என்று இரண்டு சொல்லாகவும் எழுதினார்கள், பிறகு ஒன்றாக ஒட்டிக்கொண்டது. மோட்டார் வண்டிகள் வந்ததும் சொல்லும் இன்ஜினுக்குள் ஏறிவிட்டது.

முன்னால் நிற்கும் 'மிஸ்'தான் மொழிபெயர்ப்பாளர்களைக் கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் அது முன்னொட்டாக வந்தால் 'பிழையாக' என்று பொருள், வினையாக வந்தால் 'தப்பவிடு' என்று பொருள். இரண்டும் ஒரே பழைய ஜெர்மானிய வேரில் கிளைத்தவை. முன்னொட்டை மட்டும் பார்ப்பவர்கள் 'தவறான எரிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. தவறான எரிப்புகள் வேறு இருக்கின்றன. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் வெடித்தால் அது பேக்ஃபயர். சிலிண்டருக்குள்ளேயே முறைகெட்டு எரிந்து தட்டினால் அது நாக்கிங். மிஸ்ஃபயர் என்றால் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போவது, அல்லது அரைகுறையாக எரிந்து அடங்கிவிடுவது. பட்டறையில் சொல்லும் 'மிஸ்ஸிங்'கைக் கொச்சை என்று ஒதுக்குகிறோம். ஆனால் பழைய பொருளை ஒட்டி நிற்பது அதுதான்!

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வர வேண்டியது வராமல் போவதற்கு நம்மிடம் அருமையான ஒரு வினை இருக்கிறது: பொய்த்தல். மழை பொய்த்தது என்கிறோம். காவிரியைப் பாடும் பட்டினப்பாலை 'வான்பொய்ப்பினும் தான்பொய்யா' என்கிறது. மழை பொய்த்தது என்றால் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றாக வேண்டியதில்லை, நம்பியிருந்த அளவுக்கு வரவில்லை என்றாலும் பொய்த்ததுதான். அரைகுறை எரிப்பும் இதில் அடங்கிவிடுகிறது. ஆகவே பெயர்ச்சொல்லாக 'எரிபொய்ப்பு' என்பது என் தேர்வு. எரி என்றால் தீ. தீ பொய்த்தது என்ற எழுவாய்த் தொடரிலிருந்து வருவதால் நடுவில் 'ப்' மிகாது. துப்பாக்கிக்கும் 'வெடி பொய்த்தது' என்று அதே வினை பொருந்துகிறது. வினையாக எழுதும்போது இன்னும் இயல்பாக இருக்கும்: மூன்றாம் சிலிண்டர் பொய்க்கிறது.

எந்தச் சிலிண்டர் பொய்க்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. ஆறு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் நொடிக்கு 30 எரிப்பு. ஒரு சிலிண்டர் முழுக்கச் செத்திருந்தால் நொடிக்கு 5 இடைவெளி, அதுவும் ஒரே சீராக. அந்தத் தாளம் காதில் விழுந்தால் குற்றவாளி ஒருவன்தான். தாளமே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், பொறிக்கு மின்சாரம் தரும் காயில், அந்தக் காயிலுக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயின்ட், எங்காவது காற்று இழுக்கும் கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு).

பெட்ரோல் வண்டியில் ஓடும்போதே, சிலிண்டருக்குள் பொறி தரும் பிளக்குகளின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். காப்புறை போட்ட இடுக்கியால் பிடித்து, கழற்றிய வயரை எர்த் செய்து வைப்பது காயிலுக்கும் நல்லது, கைக்கும் நல்லது. நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் திணறும். கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் ஏற்கெனவே பொய்த்துக்கொண்டிருக்கும் சிலிண்டர். அதன் பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை என்று சந்தேகிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியே ஆயில் வருகிறது. பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றினால் கோளாறும் கூடவே போகிறதா என்பது அடுத்த சோதனை. போகவில்லை என்றால் வயர், மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்). பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் குறைந்திருந்தால் சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டின் மீது கண் வையுங்கள்.

டீசலில் பிளக்கே இல்லை, அழுத்திய காற்றின் சூட்டில்தான் எரிகிறது. அங்கே பொய்ப்பதற்குக் காரணம் பெரும்பாலும் டீசலைப் பீய்ச்சும் நாசில், டீசல் லைனில் புகுந்த காற்று, அல்லது குறைந்த கம்ப்ரஷன். பழைய பம்பு வண்டிகளில் நாசில் லைன் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்து பார்ப்பது வழக்கம். ஆனால் அதில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையை அருகே கொண்டுபோகக் கூடாது. எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் தரும் காமன்ரயில் வண்டியில் இந்தச் சோதனையே வேண்டாம்.

கம்ப்யூட்டர் வைத்த வண்டி என்றால், அதன் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பி0303 என்ற குறியீடே காட்டிவிடும்: மூன்றாம் சிலிண்டரில் எரிபொய்ப்பு. பி0300 என்றால் வெவ்வேறு சிலிண்டர்கள் மாறி மாறிப் பொய்க்கின்றன. அந்தச் சாக்கெட்டே இல்லாத பழைய லாரிக்கு ஒரு வழி உண்டு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து சற்று நேரத்தில், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஆறு சிலிண்டரில் ஒன்று பொய்த்தால் ஐந்து கிளையில் 'சுர்' என்று ஆவியாகும். பொய்த்த சிலிண்டரின் கிளையில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்.