ரோஸ் நிறம் ஏறாத கான்கிரீட்

சென்னையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு வயது 30-ஐத் தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் கார் நிறுத்தும் இடத்தின் கூரையிலிருந்து முறம் அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து ஒரு ஸ்கூட்டரின் சீட்டில் விழுந்தது. நல்ல வேளை, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பெயர்ந்த இடத்தில் கம்பி துருவேறி, எலும்பு தெரிகிற மாதிரித் தெரிந்தது. பூசி மறைத்துவிடலாம் என்று பாதிப் பேர், இடித்துக் கட்டுவோம் என்று மீதிப் பேர். கடைசியில், சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று ஒரு இன்ஜினியரை அழைத்தோம்.

பெரிய பெட்டியோடு வந்தவர் முதலில் எடுத்தது ஒரு சின்ன ஸ்பிரே பாட்டில். உள்ளே, காரம் பட்டால் ரோஸ் நிறமாகும் பினாப்தலீன் கரைசல். பிளஸ் டூ லேபில் அமிலத்தையும் காரத்தையும் வைத்துத் தரம்பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். விழுந்த துண்டை நான் எடுத்து நீட்டினேன், வேண்டாம் என்றார். அதன் முகத்தில் ஏற்கெனவே காற்றுப் பட்டுவிட்டது, புதிதாக உடைத்த முகம்தான் வேண்டும். கூரையின் ஓரத்தில் உளியால் கொஞ்சம் தட்டி எடுத்து, தூசியை ஊதிவிட்டுத் தெளித்தார். சில நொடிகளில் உடைந்த முகத்தின் உட்புறம் பளீரென்று ரோஸ் நிறமானது. வெளிப்புறத்தில் ஒரு பட்டை மட்டும் சாம்பல் நிறமாகவே நின்றது. ஸ்கேலை வைத்து அளந்தார்: 25 மில்லிமீட்டர். கம்பி இருந்ததோ 12 மில்லிமீட்டர் ஆழத்தில். அதாவது ரோஸ் ஏறாத பட்டைக்குள்ளேயே.

அந்தப் பட்டைதான் விஷயம். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்புதான் அது. அதனால் நல்ல கான்கிரீட்டின் பிஹெச் 12.5-க்கு மேல் இருக்கும். அவ்வளவு காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் படிந்து, துரு அண்டாமல் காக்கிறது. ஆனால் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே உள்ளே போய், சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. மாறிய இடத்தில் பிஹெச் 9-க்குக் கீழே இறங்கிவிடும். அங்கே பினாப்தலீன் நிறம் காட்டாது, கம்பிக்குக் காப்பும் கிடையாது. அப்புறம் ஈரமும் ஆக்சிஜனும் போதும். துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தைக் கேட்கும். இடம் இல்லையென்றால் கான்கிரீட்டைத் தள்ளும். ஸ்கூட்டரில் விழுந்தது அப்படித் தள்ளப்பட்ட துண்டு.

இந்த மாற்றம் உள்ளே போகும் வேகம் நாளாக ஆகக் குறையும். ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது நடைமுறைக் கணக்கு. 4 வருடத்தில் 5 மில்லிமீட்டர் போனால், 10 மில்லிமீட்டர் போக 16 வருடம் ஆகும். அதனால்தான் கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட், நாம் கவர் என்று சொல்வது, ஒரு விரல் அகலம் கூடினாலும் கட்டிடத்தின் ஆயுள் ரொம்பவே கூடும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் கேட்கிறது. கடலோரம் என்றால் அதற்கும் மேலே. எங்கள் கூரையில் 12. கம்பி கட்டியபோது, அந்த இடைவெளிக்காக அடியில் வைக்கும் கவர் பிளாக்கை வைக்க யாருக்கோ சோம்பல்.

அடுத்து வந்தது சுத்தியல். தடித்த டார்ச் லைட் மாதிரி இருக்கும். உள்ளே ஸ்பிரிங்கில் ஏற்றிய எடை முனையை அடித்துவிட்டு எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று எண்ணாகக் காட்டும். மேற்பரப்பு கெட்டியாக இருந்தால் அதிகம் துள்ளும். சுவிஸ் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கியதால் ஷ்மிட் சுத்தியல் என்றே பெயர். இதன் எண்ணைப் பார்த்தவுடன் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர், “அட, கான்கிரீட் நல்லாத்தானே இருக்கு!” என்றார். இங்கேதான் ஏமாறுகிறோம். சுத்தியலுக்குத் தெரிவது மேல்தோல் மட்டும். கார்பனேட் ஆன தோல், ஆகாததைவிடக் கெட்டியானது. கம்பிக்கு எமனாக வந்த அதே மாற்றம், சுத்தியலிடம் நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிடும்! அதைக் கழித்துப் பார்த்தாலும், இதை வைத்து வலிமையைச் சொன்னால் 25 சதவீதம் கூடவோ குறையவோ தப்பலாம் என்று இந்திய விதியே சொல்கிறது. 20 என்று வந்தால் 15-ஆகவும் இருக்கலாம், 25-ஆகவும் இருக்கலாம்.

தோலைத் தாண்டி உள்ளே பார்க்க ஒலியை அனுப்ப வேண்டும். தூணின் ஒரு பக்கம் கிரீஸ் தடவி ஒரு முனையை அழுத்தி, எதிர்ப்பக்கம் இன்னொன்றை வைத்து, காதுக்குக் கேட்காத மீயொலித் துடிப்பு இங்கிருந்து அங்கே போக எத்தனை மைக்ரோ நொடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். வினாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் போனால் மிக நன்று, 3.5 வரை நன்று, 3-க்குக் கீழே போனால் சந்தேகம். நடுவில் விரிசலோ தேன்கூடு மாதிரி ஓட்டையோ இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு வரும், நேரமாகும். இதற்கும் கண்கட்டு வித்தை உண்டு. பாதையிலேயே கம்பி கிடந்தால் ஒலி இரும்பு வழியாக விரைந்து ஓடிவந்துவிடும். அதனால் முதலில் கம்பி எங்கே இருக்கிறது என்று காந்தப்புலக் கருவியால் தேடிச் சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்கிறார்கள்.

துரு இப்போதும் ஓடுகிறதா என்பது தனிக் கேள்வி. தாமிர சல்பேட் கரைசலில் நிற்கும் தாமிரத் தண்டு ஒன்றை ஈரமான கான்கிரீட்டின் மேல் நகர்த்தி, கம்பிக்கும் அதற்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தைப் படிக்கிறார்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இதை விட்டுவிடக் கூடாது. ஏனென்றால் உப்பில் இருக்கும் குளோரைடு, பிஹெச் இறங்காமலேயே கம்பியின் காப்புப் படலத்தைப் பொத்தல் போடும். பாட்டிலில் தெளித்தால் கான்கிரீட் அழகாக ரோஸ் நிறம் காட்டும், உள்ளே கம்பி கரைந்துகொண்டிருக்கும். அதற்கு வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டுப் பொடி எடுத்துக் குளோரைடை அளக்க வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது பானைக்குச் சரி; கொதிக்கிற தண்ணீர் சோற்றைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. கட்டிடத்தை யாரும் கிண்டிவிடுவதில்லை. தெற்குச் சுவரில் வெயில், வடக்கில் பாசி, பாத்ரூமுக்குக் கீழே ஈரம், ஒரு தூண் காலையில் போட்டது, அடுத்தது மழைக்கு நடுவே சாயங்காலம் போட்டது. ஆகவே வைரப் பல் வைத்த துரப்பணத்தால் உருளை உருளையாக மாதிரி எடுத்து நசுக்கிப் பார்க்கும்போதும், ஐ.எஸ். 456 விதி ஒரே ஒரு மாதிரியை நம்புவதில்லை. சராசரி, எதிர்பார்த்த கன அச்சு வலிமையில் (கனசதுர அச்சில் வார்த்த கட்டியை நசுக்கினால் வர வேண்டியது) 85 சதவீதமாவது இருக்க வேண்டும், தனித்தனியாக எதுவும் 75-க்குக் கீழே இறங்கக் கூடாது.

எங்கள் கூரையின் கதை இவ்வளவுதான்: தூண்கள் திடம், கூரையின் ஒரு மூலை மட்டும் மோசம். இடிக்க வேண்டியதில்லை.

கான்கிரீட்டை உடைத்து மாதிரி எடுக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. சுண்ணாம்பில் கட்டிய பழைய வீட்டிலோ கோயிலிலோ அப்படி இஷ்டத்துக்கு உடைக்க முடியாது. அங்கே கேள்விகளும் வேறு. இதை நான் கற்றுக்கொண்டது சிவகங்கைப் பக்கம் இருக்கும் அப்பத்தா வீட்டில். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய வீடு. பின்பக்கச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொலபொலவென்று கொட்டும். “சிமெண்டுல பூசினா கல்லு மாதிரி நிக்கும் ஆத்தா” என்று கொத்தனார் சொல்ல, அப்பத்தா சம்மதித்தார். இரண்டு வருடம் நின்றது. பிறகு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது, ஓதமும் இடுப்பிலிருந்து தோள் வரை ஏறியிருந்தது. மறுபடி சிமெண்ட், மறுபடி அதே கதை. மூன்றாம் முறை பூசுவதற்கு முன்னால்தான் எனக்குப் புத்தி வந்தது.

முதலில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனோம். பானை வாங்கும்போது தட்டுகிற மாதிரித்தான். பிடிப்பு விட்ட இடத்தில் சத்தம் பொக்கென்று வரும். இவ்வளவு எளிய சோதனையை ஏனோ பலரும் மதிப்பதில்லை. பெரிய நினைவுச் சின்னங்களில் ஓவியப் பூச்சின் நிலையைப் பார்ப்பவர்கள்கூட இன்னமும் விரலால் தட்டித்தான் தொடங்குகிறார்கள். அப்புறம் தரையிலிருந்து அரையடிக்கு ஒன்றாக மேலே வரை சின்னத் துளை போட்டு, பொடியை உடனே மூடிபோட்ட குப்பியில் அடைத்து, எடை பார்த்து, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை பார்த்தோம். இழந்த எடைதான் ஈரம். கீழே அதிகமாகி மேலே குறைந்தால் தரையிலிருந்து ஏறுகிறது. மேலே அதிகம் என்றால் கூரை ஒழுகுகிறது. இரண்டு ஊசி குத்திப் பார்க்கும் மின்னணு மீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது மின்கடத்தலைத்தான் அளக்கிறது, உப்புச் சுவரில் இல்லாத ஈரத்தையும் காட்டும்.

உப்பு என்றால் எல்லாம் ஒன்றல்ல. சுரண்டிய பொடியைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு பங்கில் வெள்ளி நைட்ரேட் விட்டால் குளோரைடு வெண்மையாகத் திரியும். இன்னொரு பங்கில் பேரியம் குளோரைடு விட்டால் சல்பேட் தெரியும். நைட்ரேட்டுக்கு, மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கும் சோதனைப் பட்டையே போதும். எங்கள் சுவரில் பட்டை கன்னாபின்னாவென்று சிவந்தது. நைட்ரேட் பெரும்பாலும் சாணம், மூத்திரம், கழிவுநீர் வழியாக வருவது. அப்பத்தாவிடம் சொன்னதும், “அந்தச் செவுத்துக்குப் பின்னாலதான்டா தொழுவம் இருந்துச்சு” என்றார். மாடு போய் இருபது வருடம் ஆகியும், மண்ணில் இறங்கியதைச் சுவர் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

தண்ணீர் செங்கல் வழியாக ஏறி, மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம், ஈரம் எளிதாக வெளியேறும். உப்பு பூச்சிலேயே படிந்து, பூச்சுதான் கொட்டும், செங்கல் தப்பிக்கும். சிமெண்ட் அடைத்துவிட்டதால் ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறியது, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பலகையைத் தள்ளியது. சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையும், குறைந்தால் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளு.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் 8-ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தத் தள்ளு நடக்கிறது. கடல்காற்று கொண்டுவரும் உப்பை எடுக்க, தொல்லியல் துறையினர் காகிதக் கூழைச் சுத்தமான நீரில் ஊறவைத்துக் கல்லின் மேல் அப்புகிறார்கள். கூழின் நீர் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். காயும்போது உப்பு கூழுக்கு வந்துவிடும். உரித்தெடுத்த கூழைக் கரைத்து உப்பை அளந்தால், இன்னும் எத்தனை முறை அப்ப வேண்டும் என்பதும் தெரியும். மருந்தும் சோதனையும் ஒன்றாக இருக்கும் இந்த வேலையில் எனக்குத் தனிப் பிரியம்.

பழைய காரையில் என்ன இருந்தது என்று தெரியாமல் புதுக்காரை போடுவதில் அர்த்தமில்லை. நண்பரின் கல்லூரி லேபில் 50 கிராம் பழைய பூச்சை மெதுவாக உதிர்த்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டோம். சோடா பாட்டில் திறந்த மாதிரிப் பொங்கியது. காற்றிலிருந்து அந்தக் காரை இத்தனை வருடமாக உள்வாங்கிய கார்பன் டை ஆக்சைடு நுரையாக வெளியே வந்தது. அடங்கியதும் அடியில் மணல், 38 கிராம். கரைந்த 12 கிராமைச் சுண்ணாம்பாக மாற்றி, எடைக் கணக்கை, கொத்தனார் அளக்கும் சட்டியான பாண்டுக் கணக்காக்கினால், ஒரு பாண்டு சுண்ணாம்புக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாண்டு மணல். மணலில் கிளிஞ்சல் கலந்திருந்தால் அதுவும் கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும், லென்ஸில் முதலிலேயே பார்த்துக்கொண்டோம். சந்தேகம் இருந்தால் பூச்சை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்த மெலிவில் கல்லே கண்ணாடியாகிவிடும், ஒவ்வொரு மணலையும் அடையாளம் காணலாம். கடுக்காயும் வெல்லமும் போட்டார்களா என்பதைக் கண்டுபிடிப்பது சிரமம், அவை காலத்தில் உருமாறிவிடும். சீனத்தில் ஒட்டரிசிக் கஞ்சி கலந்த பழங்காரையை ஒரு சொட்டு அயோடின் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

சிமெண்டை உரித்து, சுவரை ஆறவிட்டு, சித்திரையில் சுண்ணாம்பு பூசினோம். சுண்ணாம்பு இறுகுவதும் அதே கார்பன் டை ஆக்சைடு வேலைதான். என் சென்னைக் கூரையில் வில்லனாக இருந்தது இங்கே கொத்தனாராக இருக்கிறது. ஆடியில் ஊருக்குப் போனபோது, கதவுக்குப் பின்னால் யாரும் பார்க்காத மூலையில் கொஞ்சம் கீறி, பினாப்தலீன் ஒரு சொட்டு விட்டேன். மேலே மூன்று மில்லிமீட்டர் நிறம் ஏறவில்லை. உள்ளே நல்ல ரோஸ். அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, “கெட்டுப்போச்சாடா?” என்றார். “இல்ல அப்பத்தா, இன்னும் பழுக்கல” என்றேன்.