தம்பியை அண்ணன் என்று நினைத்துவிட்டேன்

சில வருடங்களுக்கு முன் அண்ணன் தம்பி இருவர் என் அறைக்கு வந்தார்கள். ஒருவருக்குத் தலை முழுக்க நரை, நடையில் தளர்ச்சி, முன்பல் இரண்டு இல்லை. அவரைப் பார்த்து, "உங்க தம்பிக்கு எத்தனை வருஷமா இந்தப் பிரச்சினை?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் சங்கடமாகச் சிரித்தார். "டாக்டர், அவன்தான் தம்பி. என்னைவிட ஆறு வயசு சின்னவன்."

தம்பி மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறவர். அத்தனை காலமும் அவர் காதில் கேட்கும் குரல்களைப் பற்றி எல்லோரும் விசாரித்திருந்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்தவர்கள் குறைவு.

இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார்கள். தற்கொலைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோவது மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய் போன்ற உடல் நோய்கள்தான்.

அண்ணனுக்கோ வேறு கவலை. "இது எங்க ரத்தத்திலேயே இருக்கா? என் பொண்ணுக்கும் வருமா?"

மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு இருப்பது உண்மை. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும் என்றால், கூடப்பிறந்தவருக்கு இருக்கும்போது 10-ஐ நெருங்கும். சித்தப்பாவுக்கு இருந்தால் அவ்வளவு ஏறாது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட, ஏறக்குறைய பாதி ஜோடிகளில்தான் மற்றவருக்கும் வருகிறது. ஒற்றைக் குற்றவாளி மரபணு என்று எதுவும் இல்லை. 2022-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று டி.என்.ஏ.வில் 287 இடங்களைச் சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளித்துளிதான். 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமலே பிறக்கும் சிலருக்கு மட்டும் ஆபத்து வெகுவாகக் கூடும்.

சரி, தம்பியின் நரைக்கு வருவோம். குரோமோசோமின் நுனியில் டெலோமியர் என்று ஒரு பகுதி இருக்கிறது. கயிறு பிரியாமல் இருக்க நுனியில் போடும் முடிச்சு மாதிரி. செல் பிரியப் பிரிய, அதாவது வயது ஏற ஏற, அது தேயும். மனச்சிதைவு உள்ளவர்களின் வெள்ளணுக்களில் அது கூடுதலாகத் தேய்ந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன; வித்தியாசமே இல்லை என்று சொல்பவையும் உண்டு. அதனால் டெலோமியர் பரிசோதனைக்குக் காசு கொடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அந்த முடிவை வைத்து நான் எழுதும் மருந்துச்சீட்டில் ஒரு வரிகூட மாறாது.

டி.என்.ஏ. மேல் ஒட்டும் மெத்தில் என்ற ரசாயனக் குறிகளை எண்ணி உடலின் வயதைச் சொல்லும் 'கடிகாரங்கள்' இன்னும் சுவாரசியமானவை. 2013-இல் ஸ்டீவ் ஹார்வாத் என்ற விஞ்ஞானி உருவாக்கிய கடிகாரம் இந்த நோயில் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. மரண ஆபத்தைக் கணிக்கவென்றே பின்னால் வந்த கிரிம்ஏஜ் என்ற கடிகாரமோ வேகமாக ஓடுகிறது. அந்தக் கணக்குக்குள் புகைப்பழக்கத்தின் தடயமும் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் ஆளை முதுமையாக்குவது நோயா, சிகரெட்டா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். எங்கள் மாத்திரைகளுக்கும் பங்கு உண்டு. சில மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருந்தே எடுக்காதவர்கள்தான் இன்னும் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்தக் கடிகாரங்களைவிட எனக்கு உதவியது ஓர் இஞ்சு டேப். இடுப்பளவு, எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் புது மாத்திரை தொடங்கும் முன்பும், மூன்று மாதம் கழித்தும், அப்புறம் வருடாவருடமும் பார்க்க வேண்டும். உங்கள் டாக்டர் மறந்தால் நீங்கள் கேளுங்கள். நாங்களும் மறப்போம்.

தம்பிக்குச் சர்க்கரை இருந்தது. அதுவரை யாருக்கும் தெரியாது. சிகரெட்டை விடச் சொன்னேன். அடுத்த மாதம் அண்ணன் பதறிப்போய் போன் செய்தார்: "நாள் முழுக்கத் தூங்குறான் டாக்டர், எச்சில் வேற வடியுது." ஒரே நாளில் சிகரெட்டை அடியோடு நிறுத்தியிருக்கிறார். அவர் சாப்பிடும் குளோசபைன் என்ற மனச்சிதைவு மாத்திரையைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்துகொண்டிருந்தது சிகரெட் புகைதான். புகை நின்றதும் மருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது. விடும்போது முன்கூட்டியே சொல்லுங்கள் என்று நான்தான் எச்சரித்திருக்க வேண்டும். உடனே வரச்சொல்லி, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தோம். திரும்ப அவர் புகைக்கவில்லை.