மூச்சு விடும் பெட்டி

வாட்டர் சர்வீஸ் முடிந்து எடுக்கப் போனால் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் சீட்டைக் கழற்றி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினியான ஈசியூவின் கப்ளரை (வயர் மாட்டும் இணைப்பை) உருவி, ஊதித் துடைத்து மாட்டினார், வண்டி கிளம்பிவிட்டது. நாள் முழுக்க மழையில் ஓடியபோது ஒன்றும் ஆகாத வண்டி, அரை மணி நேரக் கழுவலில் ஏன் மக்கர் செய்தது?

தண்ணீர் பீய்ச்சிய வேகம் ஒரு காரணம். இன்னொன்று, வண்டி சூடாக இருந்தது. ஓட்டி வந்த சூட்டில் ஈசியூ பெட்டிக்குள் இருக்கும் காற்று 80 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேலே 30 டிகிரி தண்ணீர் பட்டதும் அது குளிர்ந்து, உள்ளழுத்தம் ஏறக்குறைய 14 சதவீதம் குறையும். இது ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை இழுக்கிற உறிஞ்சல். கப்ளரின் ரப்பர் சீல் மயிரிழை விலகியிருந்தாலும் போதும், பெட்டி தானே தண்ணீர் குடித்துவிடும். வயருக்குள் இருக்கும் செம்பு இழைகளின் இடுக்கு வழியாகவும், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல, ஈரம் ஏறி வரும்.

அதனால் பெட்டியை இன்னும் இறுக்கி மூடுவது பயன் தராது. பல பெட்டிகளில் வேண்டுமென்றே ஒரு துளை விடுகிறார்கள். அதன்மேல் நீட்டி விரித்த டெஃப்லான் சவ்வு. 1969இல் பாப் கோர் என்பவர், சூடாக்கிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பொறுமையிழந்து வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்தது இது. அதன் நுண்துளைகளில் காற்று போய் வரும், தண்ணீர்த் துளி நுழையாது. உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிவிட்டால் சீல் வழியே உறிஞ்ச வேண்டிய அவசியமே இல்லை.

சரி, நீராவி? அது சவ்வைத் தாண்டும். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாகப் படியும். பாகங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தபோது மிஞ்சிய ஃப்ளக்ஸ் பசையோ வியர்வை உப்போ அதில் கரைந்து, பாகங்களின் பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கு இடையே மின்னழுத்தமும் இருந்தால், ஈயப்பற்றிலுள்ள வெள்ளீயம் கரைந்து எதிர்முனையில் பெரணி இலை போலக் கிளைவிட்டு வளரும். மறுமுனையைத் தொட்டதும் ஷார்ட். சில சமயம் அந்த மின்னோட்டத்திலேயே இழை எரிந்து போய்விடும். மெக்கானிக் திறந்து பார்க்கும்போது தடயமே இருக்காது. இதைத் தடுக்கத்தான் போர்டின் மேல் தலைமுடித் தடிமனில் அக்ரிலிக் அல்லது சிலிக்கான் பூச்சு. அதில் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் சாயமும் கலப்பதுண்டு. பூச்சு விட்டுப்போன இடம் இருட்டாகத் தெரிந்துவிடும்.

அதிர்வு வேறு வகைத் தொல்லை. 6000 ஆர்பிஎம்மில் எஞ்சின் நொடிக்கு 100 முறை சுற்றுகிறது, மணிக்கு 3,60,000. நான்கு மூலையில் மட்டும் திருகிய போர்டு மத்தளத் தோல் மாதிரி நடுவில் எழும்பித் தாழும். அதன் இயல்பான அதிர்வெண் எஞ்சினோடு ஒத்துப்போனால் ஆட்டம் பலமடங்காகும். நடுவில் ஒரு திருகு கூடுதலாகப் போட்டால் போர்டு விறைத்து, அந்த அதிர்வெண் மேலே போய்விடும். இரண்டே கால்களில் நெட்டையாக நிற்கும் கெப்பாசிட்டரின் அடியில் சிலிக்கான் பசை வைப்பார்கள். இல்லாவிட்டால் ஆடி ஆடிக் கால் ஒடியும்.

பழைய பைக்குகளில் ஸ்பார்க் பிளக்கில் பொறி வரவைக்கும் சிடிஐ யூனிட்டில் போர்டையே கறுப்பு எபாக்ஸியில் முக்கி உறையவைத்திருப்பார்கள். கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆனால் எபாக்ஸியும் பீங்கான் கெப்பாசிட்டரும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. தினமும் சூடேறி ஆறும்போது, கெட்டியான எபாக்ஸி பாகங்களைப் பிடித்து இழுத்து விரிசல் விடவைக்கும். அதனால் பாகங்கள் நெருக்கமாக உள்ள போர்டுகளுக்கு, நுங்கு போல மெத்தென்ற சிலிக்கான் ஜெல் தோதானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்து பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டருக்குப் பதில் ஈசியூ இயக்கும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஏறியபின் இந்தச் சங்கதியெல்லாம் நம் சீட்டுக்கடியிலேயே இருக்கிறது.

அப்புறம், என் வண்டிக்கு மெக்கானிக் இன்னொன்றும் செய்தார். மேலிருந்து நேராகக் கப்ளருக்கு இறங்கிய வயரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டேக்கை வெட்டி, கப்ளருக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டுக் கட்டினார். இப்போது வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடுகிறது.