‘மெஷின்ல வெச்சுட்டீங்க, அப்ப அவ்வளவுதானுங்களா?’

சேலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. ஐசியூ வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவர்கள், வென்டிலேட்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சொந்தக்காரர்களுக்குப் போன் போகிறது. கொஞ்ச நேரத்தில், ‘வீட்டுக்கே கொண்டுபோயிடறோம் டாக்டர், எழுதிக் கொடுங்க’ என்கிறார்கள்.

மெஷின் வைத்தும் பலன் இல்லாத நோய்கள் உண்டு. அப்போது அதை மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் மெஷினை எடுத்தால் மட்டுமே சாவு என்கிற நிலையும் உண்டு. கட்டுவிரியன் கடி அப்படிப்பட்டது.

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு விடியற்காலையில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறான். மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்தவனுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்புறம் எச்சில் விழுங்க முடியவில்லை. உடம்பு முழுக்கத் தேடியும் எங்களுக்குக் கடிவாய் கிடைக்கவில்லை. கட்டுவிரியனின் பல் அவ்வளவு சின்னது. கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலிக்காது, தூங்குகிறவர் எழுந்துகொள்ளக்கூட மாட்டார். ராத்திரி தரையில் படுத்தவருக்கு வயிற்றுவலியும் இமை சரிவதும் சேர்ந்து வந்தால், யாரும் பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்று நினைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றி, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம். மறுநாள் காலை அவனிடம் எந்த அசைவும் இல்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. பார்ப்பதற்கு மூளைச்சாவு அடைந்தவன் மாதிரியே இருந்தான். அவனுடைய பெரியப்பா படுக்கைக்குப் பக்கத்தில் நின்றே போன் போட்டு, பந்தலுக்குச் சொல்லிவிட்டார்.

விஷம் அவன் மூளையைத் தொடவே இல்லை. நரம்பும் தசையும் சந்திக்கிற இடத்தில் நரம்பின் நுனியைத்தான் அது கெடுக்கிறது. ரத்தத்தில் சுற்றும் மிச்ச விஷத்தை மருந்து பிடித்துவிடும், கெட்டுப்போன நுனியை அதனால் சரிசெய்ய முடியாது. அது தானாகத்தான் வளர வேண்டும். சிலருக்கு நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அதுவரை அவனுக்காக யாராவது மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

ஐசியூ பிறந்த கதையே இதுதான். 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் வரிசையாக இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார். மருத்துவ மாணவர்கள் இரவு பகலாக முறைபோட்டு ரப்பர் பையைக் கையால் அழுத்தி அவர்களுக்கு மூச்சு கொடுத்தார்கள். சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய வென்டிலேட்டர் அந்த மாணவர்களின் கை செய்த வேலையைத்தான் செய்கிறது.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாம்புக்கடி பட்டவருக்கு நடுவழியில் மூச்சு நின்றால் காரில் வைத்துக்கொண்டு நீங்கள் எதுவும் செய்ய முடியாது. மேலேயே அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து 108இல் வாருங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். மந்திரிக்கப் போய் ஒரு மணி நேரத்தைத் தொலைத்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பல குடும்பங்களை வீட்டுக்குக் கிளம்ப வைப்பது செலவு பயம்தான். அதை எங்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டியூப்பை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, வென்டிலேட்டரோடு அரசு மருத்துவமனைக்கு மாற்ற முடியும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். ‘இது திரும்பி வரக்கூடிய பாதிப்பா, எத்தனை நாள் ஆகும்?’ கையெழுத்துப் போடும் முன் இதை மட்டுமாவது கேளுங்கள்.

எங்கள் சிஸ்டர் ஒருவர் அவனுக்கு வாய் துடைத்துவிடும்போதெல்லாம், ‘தம்பி, கால் விரலை ஆட்டு’ என்பார். நான்காம் நாள் இடது கால் கட்டைவிரல் ஒரு நூல் அளவு அசைந்தது. சிஸ்டர் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். ஒன்பதாம் நாள் டியூப்பை எடுத்தோம். கரகரத்த குரலில் அவன் முதலில் கேட்டது தண்ணீர். அடுத்து, ‘பெரியப்பா பந்தலுக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டாரா?’

தூக்க மருந்தையும் மீறி அவனுக்கு அது கேட்டிருக்கிறது. அதிலிருந்து, பார்வை நேரத்தில் உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் கை கழுவச் சொல்லும்போதே இதையும் சொல்லி அனுப்புகிறேன்: பேர் சொல்லிக் கூப்பிடுங்க, வீட்டு விஷயம் பேசுங்க, அவருக்குக் காது கேட்கும்.