இடுப்பில் நாடா பதிந்த தடம்

இரவில் புடவையை அவிழ்க்கும்போது இடுப்பைச் சுற்றி ஒரு கோடு தெரியும். சிவந்து, சற்றே குழிந்து, உள்பாவாடை நாடாவின் முறுக்குக்கூட அச்சாகப் பதிந்திருக்கும். காலைக்குள் அது மறைந்துவிட்டால் கவலையில்லை. மறையாமல் கறுத்து, தோல் தடித்து, வியர்க்கும்போதெல்லாம் அரித்தால் கவனித்தாக வேண்டும். "புடவை கட்டுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று பல பெண்கள் இருபது, முப்பது வருடம் ஓட்டிவிடுகிறார்கள். வேறு எதற்காவது தோல் மருத்துவரிடம் வரும்போதுதான் இது வெளியே வருகிறது.

2024-இல் மருத்துவ இதழ் ஒன்றில் மகாராஷ்டிரத்தின் வார்தா, பீகாரின் மதுபனி மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவர்கள் இரண்டு மூதாட்டிகளைப் பற்றி எழுதினார்கள். உடனே "புடவைப் புற்றுநோய்" என்று செய்திகள் பறந்தன. இருவருக்கும் இடுப்பின் பக்கவாட்டில் மாதக்கணக்கில் ஆறாத புண். அது தோல் புற்றாக மாறியிருந்தது. ஒருவர் உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியவர். மற்றவர் உள்பாவாடையே இல்லாமல் லுக்டா என்ற புடவையைப் பல வருடம் இறுகச் சுற்றியவர். நாள்பட்ட புண்ணிலோ தழும்பிலோ எழும் இவ்வகைப் புற்றுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். இது புதிதும் அல்ல, பெண்களுக்கு மட்டும் வருவதும் அல்ல. வேட்டியை இறுக்கிக் கட்டிய ஆண்களுக்கு இதே இடத்தில் வந்த புற்றை 1945-லேயே இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இது மிக அரிதானது. புடவை கட்டும் கோடிக்கணக்கான பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தடம் மிஞ்சினால் கறுப்போடும் அரிப்போடும் நின்றுவிடும். ஆனாலும் அந்த அரிப்பைத் தாங்கிக்கொண்டே வாழ வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஏன் வருகிறது? கொசுவம், முந்தானை, மொத்தப் புடவையின் எடை எல்லாம் தொங்குவது நாடா ஒன்றின் மேல்தான். கனமான ஜரிகைப் பட்டு என்றால் எடை ஒரு கிலோவை நெருங்கும். கடையில் வாங்கும் உள்பாவாடையில் நாடா அரை அங்குல அகலம்கூட இருக்காது. அதே இழுப்பை இரண்டு அங்குலப் பட்டி தாங்கினால், தோலின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் அழுத்தம் கால் பங்காகிவிடும். அகலம் குறைவதுதான் முதல் சிக்கல். அடுத்தது வியர்வை. ஈரத் தோலில் உராய்வு கூடும். உராய்ந்த தோலில் பூஞ்சை எளிதாகக் குடியேறும். முடிச்சு விழும் பக்கத்தில் அழுத்தம் இன்னும் அதிகம். அங்கேதான் பாவாடையில் திறப்பும் இருக்கிறது. முடிச்சு நேராகத் தோலில் உரசும்.

இந்த மெல்லிய நாடா புடவையோடு பிறந்ததல்ல. மடிசாருக்கு உள்பாவாடை கிடையாது. செட்டிநாட்டுக் கண்டாங்கியையும் அந்தக் காலத்தில் உள்பாவாடை இல்லாமல் பின்கொசுவம் வைத்துத்தான் கட்டினார்கள். உள்பாவாடையும் ரவிக்கையும் போட்டு வெளியே செல்லும் பாணி 1860-களுக்குப் பிறகு வங்காளத்தில் தாகூர் குடும்பத்து ஞானதாநந்தினி தேவி போன்றவர்கள் வழியாகப் பரவி, நமக்கு "வழக்கமான புடவை" ஆனது. அதனால் பழைய கட்டுகள் எல்லாம் பாதுகாப்பானவை என்று சொல்லிவிட முடியாது. லுக்டா கட்டிய அந்த மூதாட்டியே சாட்சி. எதைக் கட்டினாலும், ஒரே கோட்டில் வருடக்கணக்கில் விழும் இறுக்கம்தான் காரணம்.

"புடவையை விட்டுட்டு நைட்டி போடுங்க" என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. எழுபது வயதுப் பாட்டிக்குப் புடவை என்பது அவருடைய மரியாதை. விருந்தாளி வந்தால் தலைவாரி, முந்தானையை இழுத்துவிட்டு வருபவர் அவர். அவரிடம் இப்படிச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார், மறுமுறை வரமாட்டார். மாற்றச் சொல்ல வேண்டியது உள்பாவாடையைத்தான். அதைக் கேட்பார்கள்.

தையல்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: இடுப்புக்கு இரண்டரை முதல் மூன்று அங்குல அகலத்தில் தனிப் பட்டி வேண்டும், உள்பக்கம் மென்மையான பருத்தித் துணி, நாடாவுக்குப் பதில் கொக்கி, மூன்று நிலைகளில், ஒவ்வொன்றுக்கும் ஓர் அங்குல இடைவெளி. நாடாதான் வேண்டும் என்பவர்கள் ஒன்றரை அங்குல அகலத்தில் பட்டை நாடாவாகக் கோத்துக்கொள்ளலாம்; வட்டக் கயிறு வேண்டவே வேண்டாம். எலாஸ்டிக்கும் இறுக்கினால் அதே கதைதான். உடலோடு ஒட்டும் சேப்வேர் பாவாடை அழுத்தத்தைப் பரப்பும், ஆனால் செயற்கை இழை வியர்வையை வெளியே விடாது. இரண்டு மணிநேரக் கல்யாண வரவேற்புக்கு அது சரி. சித்திரை வெயிலில் நாள் முழுக்கப் போட உகந்ததல்ல.

கட்டும் முறையிலும் ஒரு தவறு இருக்கிறது. நின்றுகொண்டு, வயிற்றை உள்ளிழுத்து, "கொசுவம் நழுவிடும்" என்று பயந்து இறுக்குகிறோம். உட்கார்ந்ததும் இடுப்புச் சுற்றளவு கூடுகிறது. அப்போதுதான் நாடா வெட்டுகிறது. மூச்சை இயல்பாக விட்டுக் கட்டுங்கள். பிறகு உட்கார்ந்து பாருங்கள். நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கொசுவம் நழுவாமல் இருக்க ஒரு பின் போதும். ஒருநாள் தொப்புளுக்கு மேல், மறுநாள் கீழே என்று இடம் மாற்றுங்கள், முடிச்சின் பக்கத்தையும் மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்கள். இறுகிய நாடாவோடு தூங்குவது வயதானவர்களிடம் அதிகம். அதை நிறுத்தினாலே தொல்லை குறையும். வயல் வேலையில் புடவையைத் தூக்கிச் செருகும்போது இடுப்பில் துணிச்சுற்று கூடுவதால், வயலில் இறங்குபவர்கள் இன்னும் தளர்வாகக் கட்ட வேண்டும்.

நாடா நுழையும் மடிப்பை எப்போதாவது உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? நாடாவை உருவாமலே துவைப்பதால் வியர்வை உப்பும் சோப்பும் படிந்து அட்டைபோல விறைத்திருக்கும். வாரம் ஒருமுறை நாடாவை உருவித் தனியாகத் துவையுங்கள். பாவாடையை உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயவிடுங்கள். அந்த மடிப்பு கடைசியாகத்தான் காயும். ஈரம் இருந்தால் கட்டாதீர்கள். கஞ்சியும் அங்கே படக் கூடாது.

வளையம் வளையமாக, ஓரம் சிவந்து பரவினால் அது படர்தாமரை. மருந்துக் கடையில் "அரிப்புக்கு" என்று கேட்டால் பெரும்பாலும் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்பு கையில் வரும். மூன்று நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பும். தோலும் மெலிந்து வரி விழும். பூஞ்சைக்கான களிம்பை ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை சேர்த்து, தினம் இருவேளை பூசுங்கள். மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். சுண்ணாம்பு குழைத்துப் போடாதீர்கள். அது தோலைப் பொசுக்கும்.

பின், சாவிக்கொத்து, சுருக்குப் பையின் காசு படும் இடத்தில் மட்டும் அரித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். சாவியை இடுப்பில் செருகாமல் பையில் வையுங்கள். வெண்புள்ளி, சொரியாசிஸ், லைக்கன் பிளேனஸ் போன்ற தோல் நோய்கள் உள்ளவர்களுக்கு உராயும் கோட்டிலேயே அந்த நோய் புதிதாக எழும்பலாம். இடுப்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தால் பயந்து மறைக்காமல் காட்டுங்கள்; அரித்து ஆறிய தோல் நிறமிழப்பதும் உண்டு.

மாதம் ஒருமுறை, குளித்த பின், நல்ல வெளிச்சத்தில் இடுப்பின் முழுச் சுற்றையும் பாருங்கள். பின்பக்கத்துக்குக் கண்ணாடி வேண்டும். பாட்டிக்கு மகளோ மருமகளோ பார்க்கலாம். நான்கு வாரமாக ஆறாத புண், ஓரம் தடித்து மேலெழுவது, தொட்டால் ரத்தம், துர்நாற்றம், தொடை இடுக்கில் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். "சர்க்கரையால்தான் ஆறவில்லை" என்று நாமே முடிவு செய்யக் கூடாது. சர்க்கரை உள்ளவருக்கும் புற்று வரும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. சந்தேகம் இருந்தால் புண்ணின் ஓரத்திலிருந்து சிறு சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்ற பயத்தில் இதைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம், அப்படிப் பரவாது. தள்ளிப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது. மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு எடுப்பார்கள். ஓரிரு தையல் போட்டால், பத்துப் பதினான்கு நாளில் பிரிப்பார்கள். அதுவரை நாடா அந்த இடத்தில் படாமல் மேலேயோ கீழேயோ கட்டிக்கொள்ளுங்கள்.