ஏர்ஃபிரேம் கிராக்: வெடிப்பா, கீறலா, விரிசலா?

"ஹெலியில வெடிப்பாம்" என்று மட்டக்களப்பில் யாராவது சொன்னால் கேட்பவருக்குப் பகீரென்றுதான் இருக்கும். வயல் வெடிச்சுக் கிடக்கு, சுவர் வெடிச்சுப் போச்சு என்று நாளும் பேசுகிற ஊர்தான். ஆனால் 'வெடிப்பு' என்ற பெயர்ச்சொல்லின் மேல் குண்டுவெடிப்பு ஏறி உட்கார்ந்து வெகுகாலமாயிற்று. சொல்ல வந்ததோ, ஹெலிகொப்டரின் வால்பகுதித் தகட்டில் கண்ட மயிரளவு கிராக். அப்படியானால் 'ஏர்ஃபிரேம் கிராக்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

முதலில் ஏர்ஃபிரேம். வானூர்தியில் எஞ்சினைக் கழித்தால் எஞ்சும் உடல்: கூடு, வால்தண்டு, தரையிறங்கும் கால்கள், உள்ளே தாங்கும் விட்டங்கள். 'வான்சட்டகம்' என்று எழுதுவோர் உண்டு, வானத்துக்கா சட்டகம்? 'உடற்சட்டகம்' என்றால் சட்டென்று விளங்கும்.

'கிராக்' பழைய ஆங்கிலத்தில் ஓசையைக் குறித்த சொல். ஏதோ படாரென்று முறியும் சத்தம். பிற்பாடுதான் முறிந்த இடத்துக்கும் அதுவே பெயரானது. நம் 'வெடி'யிலும் ஓசையும் பிளத்தலும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே வெடிப்பு என்று பெயர்த்தவரைக் குறைசொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால், உலோகக் களைப்பால், அதாவது ஓயாத உலுக்கலில் உலோகம் தளர்வதால், வரும் கிராக் காதுக்கு எட்டும் சத்தம் எதுவும் போடாமல் வளர்வது. பெல் 212 வகை ஹெலியின் இரண்டு இதழ்ச் சுழலி நிமிடத்துக்கு 324 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் உடலுக்கு இரண்டு உலுக்கல் என்றால், மணிக்கு 38,000-க்கு மேல். அந்த உலுக்கல் ரிவெட் ஆணித் துளையின் விளிம்பிலும் தகட்டின் மூலையிலும் போய்த் திரளும். கடற்காற்றின் உப்பு அரித்த குழி இருந்தால் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

'கீறல்' ஏன் ஆகாது? கீறல் மேற்பரப்பில் கிடப்பது. கிராக் தகட்டுக்குள் இறங்கிப் பறப்புக்குப் பறப்பு நீள்வது. சோதனையே இந்த வேறுபாட்டைக் காணத்தான். டார்ச்சும் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியும் போதாதபோது, இடத்தைத் துப்புரவாக்கிச் சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பூச்சு தெளிப்பார்கள். உள்ளே புகுந்த சாயம் கசிந்து மெல்லிய செங்கோடாக வெளிவரும். பெயின்டை உரிக்காமலே பார்க்கச் சுழல் மின்னோட்டக் (எடி கரன்ட்) கருவி உண்டு. ரிவெட் தலையைச் சுற்றிக் கரும்பொடி படிந்திருந்தால் அதுவும் எச்சரிக்கை. ஆணி தளர்ந்து தகட்டோடு உராய்கிறது. கீறலிலிருந்து கிராக் பிறக்கலாம் என்பதால் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், பராமரிப்புப் பதிவேட்டைப் படிப்பவர் எதைச் சரிசெய்வார்?

'விரி' என்னும் வினையிலிருந்து வந்த 'விரிசல்' இங்கே பொருந்துகிறது. மெல்லத் திறந்துகொண்டே போவது அதில் இருக்கிறது, சத்தம் இல்லை. தகடு முற்றாகப் பிரிந்தால் மட்டும் 'பிளவு'. 'வால்தண்டின் ரிவெட் வரிசையில் விரிசல் கண்டதால் ஹெலி பறப்பிலிருந்து நிறுத்தப்பட்டது' என்று எழுதலாம். ஹெலிக்குப் பதில் உலங்கு வானூர்தி என்று போட விரும்புவோர் போடட்டும்.