நம் போன் பட்டியலைப் பார்க்க யாருக்கு அனுமதி?

உதகையில் வழக்குரைஞராக இருக்கிறேன். கூடலூர்ப் பக்கம் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் செக்‌ஷன் 17 நிலத்துக்குப் பட்டா கேட்டு நிற்கும் கட்சிக்காரர்கள், வழக்கு விஷயம் பேசி முடித்து எழும்போது குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “சார், எங்க போனை ஒட்டுக் கேப்பாங்களா?”

நினைத்தவரெல்லாம் கேட்டுவிட முடியாது. 1996-இல் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. பொதுவாக உள்துறைச் செயலாளரின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ காரணமாக இருக்க வேண்டும். சாதாரணக் குற்றத்தைத் துப்புத் துலக்க ரகசியமாக ஒட்டுக் கேட்க இடமில்லை என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறி, 2011-இல் பிறப்பித்த ஓர் உத்தரவையே ரத்து செய்தது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை சி.டி.ஆர். யார், யாரை, எப்போது, எந்த டவரிலிருந்து, எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற பட்டியல். ஒரு பெண் காலையில் மருத்துவமனைக்கும், மதியம் அம்மாவுக்கும், மாலையில் விவாகரத்து வழக்குரைஞருக்கும் பேசியிருந்தால், ஒரு சொல்லைக்கூடக் கேட்காமல் அவள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடலாம். 2013-இல் தில்லியில் அருண் ஜெட்லியின் அழைப்புப் பட்டியலைச் சட்டவிரோதமாக எடுத்ததாக ஒரு கான்ஸ்டபிள் கைதானார். மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவருக்கே அந்த நிலை.

அதே ஆண்டு ஜூனில், அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை பார்த்த எட்வர்டு ஸ்னோடென் முதலில் வெளிக்கொண்டு வந்ததும் இத்தகைய பட்டியலைத்தான். வெரைசன் என்ற அமெரிக்க போன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய அழைப்பு விவரங்களை அந்த அமைப்பு நாள்தோறும் மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்தது. அது சட்டவிரோதம் என்று 2020-இல் அந்த நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. அதை அம்பலப்படுத்திய ஸ்னோடென் மீதான வழக்கு மட்டும் போகவில்லை. அவர் ரஷ்யாவில் இருக்கிறார்.

நமக்கு உச்ச நீதிமன்றத்தின் 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பு இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அரசு அதில் கை வைத்தால் சட்டம் உண்டா, நியாயமான தேவை உண்டா, தேவைக்கு மேல் போகிறதா என்று கேட்கலாம். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் எங்கள் நீலகிரி மலைக்கு வர இ-பாஸ் வாங்க வேண்டும். மலை தாங்கும் வண்டி எவ்வளவு என்று பார்க்க உயர் நீதிமன்றம் செய்த ஏற்பாடு அது, முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் அதற்காக நம் விருந்தாளிகள் தந்த செல் நம்பர் வேறு எந்த வேலைக்கும் போகக் கூடாது.

போனால் நமக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருப்பவர் சொன்னால்தான் தெரியும். அவரைக் காக்க 2014-இல் நிறைவேற்றிய சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனக்கு ஆறாத கோபம் இது.

அப்படிச் சொல்பவரைக் காக்க இப்போதைக்கு இருப்பது 2004-ஆம் ஆண்டு மத்திய அரசுத் தீர்மானம். அருவங்காடு தொழிற்சாலை, வெலிங்டன் கன்டோன்மென்ட், பி.எஸ்.என்.எல். போன்ற மத்திய அலுவலக முறைகேடுகளை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். பெயரும் முகவரியும் உள்ளே கடிதத்தில் இருக்கட்டும், உறை மேல் வேண்டாம். மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாநில அரசு ஊழியர் பற்றிய புகாருக்கு இந்த வழி கிடையாது.

எந்த அலுவலகமானாலும், ஒரு தாளை வெளியே எடுப்பதற்கு முன்பே வழக்குரைஞரைப் பாருங்கள். 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.